பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், ஆனால் மாணவர்கள் போடும் பதில் எதுவும் வந்து சேரவில்லை

சுண்ணக்கட்டி | புதன், மாலை 4.10

வணக்கம். நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், கணினித் துறை இல்லை, அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை இரண்டு வகுப்புகளுக்கு நடுவே படியேறிக்கொண்டே மொபைலில் மெயில் பார்த்தேன். "உங்கள் மெயில்பெட்டி 98 சதவீதம் நிரம்பிவிட்டது, இன்று மாலைக்குள் உறுதி செய்யாவிட்டால் புதிய மெயில்கள் வராது" என்று ஒன்று. இன்டர்னல் மதிப்பெண் அனுப்ப வேண்டிய வாரம், எல்லாரும் ஃபைல் மேல் ஃபைலாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள், நிரம்பித்தான் இருக்கும் என்று தோன்றியது. அழுத்தினேன். தினமும் பார்க்கும் அதே லாகின் பக்கம், கல்லூரி முத்திரை உட்பட. பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். ஆறு இலக்க எண் கேட்டது, அதையும் கொடுத்தேன். "நன்றி" என்று ஒரு வரி வந்தது, அப்புறம் கல்லூரி இணையதளத்தின் முகப்பிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டது. சரி, வேலை முடிந்தது என்று வகுப்புக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒரு மாணவி வந்து, "மேடம், நீங்கள் அனுப்பிய பிடிஎஃப் திறக்கவே மாட்டேன் என்கிறது, லாகின் கேட்கிறது" என்றாள். நான் எதையும் அனுப்பவில்லை. அப்போதுதான் உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினேன், நல்ல நீளமாக, 18 எழுத்து.

இப்போது பிரச்சினை வேறு. சனிக்கிழமை இறுதியாண்டு மாணவர்கள் 41 பேருக்கும் புராஜெக்ட் தலைப்பு கேட்டு மெயில் அனுப்பினேன். இன்று புதன், ஒருவர்கூடப் பதில் போடவில்லை. வராண்டாவில் நிறுத்திக் கேட்டால் "அன்றைக்கே அனுப்பிவிட்டோமே மேடம்" என்கிறார்கள், ஒருவன் மொபைலை எடுத்துக் காட்டியே விட்டான். ஸ்பேமிலும் இல்லை. முதல்வர் அலுவலகம், நூலகம், மற்ற ஆசிரியர்கள் அனுப்புவதெல்லாம் ஒழுங்காக வருகிறது. மாணவர்களுடையது மட்டும் இல்லை.

ஐடி பிரிவிடம் இன்னும் சொல்லவில்லை. போன மாதம்தான் மின்னஞ்சல் மோசடி விழிப்புணர்வு என்று இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள், வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்து முதல் பக்கத்திலேயே இருக்கிறது. எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? மெயிலில்தான் ஏதோ கோளாறா, இல்லை யாரோ இன்னும் உள்ளே இருக்கிறார்களா, இதை நானே சரிசெய்துவிட முடியுமா?

நீலத்திரை | புதன், மாலை 4.32

வைரஸாகத்தான் இருக்கும். மொபைலை ரீசெட் அடித்துவிடுங்கள், லேப்டாப்பில் நல்ல ஆன்டிவைரஸ் போட்டு முழு ஸ்கேன் விடுங்கள். இனிமேல் 30 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டே இருங்கள், எவனும் வர மாட்டான்.

பேட்ச்பேனல் | புதன், மாலை 5.05

மேடம், தயவுசெய்து மொபைலை ரீசெட் செய்துவிடாதீர்கள். அந்த ஆறு இலக்க எண் தரும் செயலி அதில்தான் இருக்கிறது, அதையும் அழித்துவிட்டால் உங்கள் கணக்குக்கு வெளியே நீங்களே நிற்க வேண்டியிருக்கும். நீலத்திரை நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் இது வைரஸ் வேலை இல்லை. அவர்கள் உங்கள் மொபைலையோ லேப்டாப்பையோ தொடவே இல்லை, தொட வேண்டிய தேவையும் இல்லை. சாவி கையில் கிடைத்த பிறகு சுவரில் எதற்குக் கன்னம் வைக்க வேண்டும்?

நான் ஒரு கல்லூரியின் கணினி மையத்தில் பல வருடமாகக் குப்பை கொட்டுகிறவன். குறிப்பிட்ட ஒரு கூட்டத்தின் மெயில் மட்டும் காணாமல் போகிறது, மற்றதெல்லாம் வருகிறது என்று நீங்கள் சொன்ன இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. உங்கள் மெயில்பெட்டிக்குள் ஒரு ரூல் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "இன்னாரிடமிருந்து மெயில் வந்தால் இன்பாக்ஸில் காட்டாதே, வேறு ஃபோல்டரில் தள்ளு" என்று. நாமே செய்துகொள்ளும் வசதிதான், சுற்றறிக்கைகளைத் தனி ஃபோல்டருக்கு அனுப்பப் பலரும் வைத்திருப்பார்கள். அந்த ரூல் ஓடுவது சர்வரில். அதற்கு யாரும் உள்ளே இருக்க வேண்டியதில்லை, பழைய பாஸ்வேர்டும் வேண்டாம், புதிய பாஸ்வேர்டும் வேண்டாம். வாசல் பூட்டை மாற்றிவிட்டீர்கள், திருடன் கழற்றி வைத்த கொல்லைக்கதவுத் தாழ்ப்பாள் அப்படியே கிடக்கிறது.

மொபைல் செயலியில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். கணினியில் பிரவுசரைத் திறந்து, கல்லூரி மெயில் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள். அவுட்லுக் என்றால் மேலே வலது பக்கம் பல்சக்கரம், அதற்குள் மெயில், அதற்குள் ரூல்ஸ். அதே பட்டியலில் கொஞ்சம் கீழே ஃபார்வர்டிங் இருக்கும், அதையும் பாருங்கள். (ஜிமெயில் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: செட்டிங்ஸில் ஃபில்டர்ஸ் என்று ஒரு பக்கம், ஃபார்வர்டிங் என்று இன்னொரு பக்கம், இரண்டும்.) ஏதாவது கண்ணில் பட்டால் உடனே அழித்துவிடாதீர்கள். முதலில் முழுத் திரையையும் படம் எடுத்து வையுங்கள், ஐடி ஆட்களுக்கு அதுதான் தடயம்.

சுண்ணக்கட்டி | புதன், மாலை 6.20

கை நடுங்குகிறது. இருக்கிறது.

ரூலின் பெயர் வெறும் ஒரு புள்ளி. பெயர் என்ற இடத்தில் ஒரு புள்ளி மட்டும்! முதலில் பார்த்தபோது பட்டியல் காலி என்றே நினைத்தேன், திரையில் ஏதோ தூசி என்று விரலால் துடைத்துப் பார்த்தேன். திறந்தால், அனுப்புநரின் முகவரியில் எங்கள் மாணவர்களுக்கென்று இருக்கும் டொமைன் (@-க்குப் பின்னால் வரும் பகுதி) வந்தால் படித்ததாகக் குறித்துவிடு, ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் (இணையதளச் செய்திகள் வந்து சேர்வதற்கான இடமாம்) ஃபோல்டருக்கு நகர்த்து, இதற்குப் பிறகு வேறு ரூல் எதையும் ஓட்டாதே. அப்படி ஒரு ஃபோல்டர் என் மெயிலில் இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். திறந்து பார்த்தேன், 63 மெயில். புராஜெக்ட் தலைப்புகள் அத்தனையும் அங்கேதான் கிடக்கின்றன, பாவம், சிலர் இரண்டு முறை அனுப்பியிருக்கிறார்கள்.

அதைவிட மோசம் டெலீட்டட் ஐட்டம்ஸில். வியாழக்கிழமை ஒரு பையன், "மேடம், இந்த இணைப்பு நீங்கள் அனுப்பியதுதானா? கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது" என்று கேட்டிருக்கிறான். அதற்கு என் பெயரில் பதில் போயிருக்கிறது, "ஆமாம், நான் அனுப்பியதுதான், பாதுகாப்பானது, இன்றைக்குள் பார்த்துவிடவும்" என்று. கீழே என் பெயர், பதவி, துறை எல்லாம் போட்ட என் கையொப்பம். சரியாகச் சந்தேகப்பட்ட ஒரே பையனை நானே தள்ளிவிட்ட மாதிரி இருக்கிறது.

ஆறு இலக்க எண் எதற்கு இருக்கிறது என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அது இருந்தால் பாஸ்வேர்டு போனாலும் பரவாயில்லை என்றுதானே பயிற்சியில் சொன்னார்கள்?

பேட்ச்பேனல் | புதன், மாலை 6.58

அப்படித்தான் பாதிப் பயிற்சிகளில் சொல்கிறார்கள், பாதி உண்மை. பாஸ்வேர்டு மட்டும் வெளியே கசிந்திருந்தால் அந்த எண் உங்களைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் நீங்கள் போன பக்கம் வெறும் பொம்மைப் பக்கம் இல்லை. உங்களுக்கும் உண்மையான லாகின் பக்கத்துக்கும் நடுவே உட்கார்ந்திருந்த தரகர். நீங்கள் தட்டுவதை அந்த நொடியே உண்மைப் பக்கத்தில் தட்டுகிறது, உண்மைப் பக்கம் கேட்பதை உங்களிடம் திருப்பிக் கேட்கிறது. அந்த எண் பொதுவாக 30 நொடிக்கு ஒருமுறை மாறும், ஆனால் எந்திரத்துக்கு ஒரு நொடி போதுமே. எண் சரியாக இருந்ததும் உண்மைத் தளம், இவர் சோதிக்கப்பட்டு உள்ளே வந்தவர் என்று ஒரு சீட்டுக் கொடுக்கும். குக்கீ என்கிறோமே, அதுதான். அந்தச் சீட்டு உங்கள் பிரவுசருக்கு வராமல் தரகரின் சட்டைப்பைக்குள் போய்விட்டது. அதைக் காட்டினால் பாஸ்வேர்டும் கேட்க மாட்டார்கள், எண்ணும் கேட்க மாட்டார்கள்.

அதனால் இன்று இரவே இன்னும் சில இடங்களைப் பாருங்கள். கணக்கு அமைப்பில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்று ஒன்று இருக்கும், அதை அழுத்துங்கள், உங்கள் மொபைலிலும் திரும்ப லாகின் கேட்கும், கேட்கட்டும். அடுத்தது செக்யூரிட்டி இன்ஃபோ என்ற பக்கம். அங்கே உங்கள் போன் எண், உங்கள் செயலி தவிர வேறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா? உள்ளே வந்தவர்கள் தங்கள் போனையும் இரண்டாவது சரிபார்ப்புச் சாதனமாகச் சேர்த்துவிட்டுப் போவது வழக்கம். சில இடங்களில் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று சொல்லி உங்கள் 18 எழுத்தையும் மாற்றிவிட அது ஒன்றே போதும். கடைசியாக, உங்கள் மெயிலைப் படிக்க வேறு ஏதாவது செயலிக்கு அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி. ரூல் அந்த ஒன்றுதானா? பட்டியலைக் கீழே வரை இழுத்துப் பார்த்தீர்களா? உங்கள் சம்பள விவரம் பார்க்கும் தளத்துக்கும் இதே லாகின்தானே?

சுண்ணக்கட்டி | புதன், இரவு 7.31

இழுத்துப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். இரண்டாவது ஒன்று இருக்கிறது, பெயர் இரண்டு புள்ளி. சம்பளத் தளத்திலிருந்து வரும் எந்த மெயிலாக இருந்தாலும் நேராக அழித்துவிடு என்று.

செக்யூரிட்டி இன்ஃபோவில் நான் ஒருபோதும் வாங்கியிராத ஒரு போன் மாடலின் பெயரில் ஒரு செயலி. சேர்த்த நாள் செவ்வாய்க்கிழமை. படம் எடுத்துக்கொண்டு நீக்கிவிட்டேன். ஆமாம், சம்பளத் தளத்துக்கும் இதே லாகின்தான். ஏன் கேட்டீர்கள்?

கோப்பறை | புதன், இரவு 7.50

நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். நான் கல்லூரி அலுவலகத்தில் கணக்குப் பிரிவு, சம்பளப் பட்டியல் என் மேஜையில்தான் தயாராகும். அவர் ஏன் கேட்டார் என்று நான் சொல்கிறேன்.

அந்தத் தளத்துக்குள் போய் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றினால், "உங்கள் வங்கி விவரம் மாற்றப்பட்டது" என்று உங்களுக்கு ஒரு மெயில் வரும். அந்த மெயிலை நீங்கள் பார்க்கக் கூடாது என்பதற்குத்தான் இரண்டு புள்ளி. 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் இதைப் பற்றியே விளக்கமாக எழுதியது, அமெரிக்கப் பல்கலைக்கழக ஊழியர்களைக் குறிவைத்து நடந்தது. மூன்று பல்கலைக்கழகங்களில் 11 கணக்குகளுக்குள் நுழைந்து, அங்கிருந்து 25 பல்கலைக்கழகங்களில் கிட்டத்தட்ட 6,000 முகவரிகளுக்கு மோசடி மெயில் அனுப்பியிருக்கிறார்கள். வழி அப்படியே நீங்கள் சொல்வதுதான், ஓடிபியையும் சேர்த்துப் பிடுங்குவது, சம்பளத் தளத்தின் மெயிலை அழிக்க ரூல் போடுவது, தங்கள் போனைச் சேர்ப்பது, பிறகு சம்பளத்தை வேறு கணக்குக்குத் திருப்புவது. தெரிந்த ஒருவரின் உண்மையான முகவரியிலிருந்து வருவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

நாளை காலை ஐடி பிரிவுக்குப் போகும் வழியில் உங்கள் கணக்குப் பிரிவுக்கும் போங்கள். மெயில் வேண்டாம், நேரில். அடுத்த சம்பளப் பட்டியல் வங்கிக்குப் போகும் முன் என்றால் பேனாவால் ஒரு கோடு போட்டு நிறுத்திவிடலாம். போன பிறகு என்றால் வங்கிக்குக் கடிதம், விசாரணை, மாதக்கணக்கில் அலைச்சல்.

எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். கணக்கு எண் மாற்றம் எந்த வழியில் வந்தாலும், அந்த நபரின் பணிப்பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நாங்களே போன் செய்து கேட்போம். மாற்றச் சொல்லி வந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அல்ல. இதைச் சொன்னால் சில பேராசிரியர்கள், "என் மெயிலையே நம்ப மாட்டீர்களா?" என்று கோபப்படுவார்கள். உங்களை நம்புகிறோம் சார், உங்கள் மெயிலைத்தான் நம்பவில்லை என்று சொல்லிவிடுவேன்.

மூன்றாவது_மணி | புதன், இரவு 8.15

ஐடியிடம் சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று எல்லாரும் சுலபமாகச் சொல்கிறீர்கள். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இப்படி மாட்டிக்கொண்ட ஒருவர் நேர்மையாகப் போய்ச் சொன்னார். அடுத்த வாரம் துறைக் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லியே "இவரைப் போல் அழுத்திவிடாதீர்கள்" என்று பாடம் நடத்தினார்கள். அதற்குப் பிறகு அந்தத் துறையில் யாருக்கு என்ன நடந்தாலும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை, உண்மையைச் சொன்னால். ரூலைக் கண்டுபிடித்தாகிவிட்டது, போனை நீக்கியாகிவிட்டது. கணக்குப் பிரிவில் மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடலாமே?

பேட்ச்பேனல் | புதன், இரவு 9.02

அங்கே நடந்தது அசிங்கம், அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். பெயரைச் சொல்லி அவமானப்படுத்துகிற ஐடி ஆள் தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிறான், அடுத்த தடவை அவனுக்குத் தகவலே வராது.

ஆனால் விட்டுவிட முடியாது, ஏனென்றால் மேடத்துக்குத் தெரியாத பாதி இன்னும் இருக்கிறது. அந்த மெயில் அவர் ஒருவருக்கு மட்டுமா வந்திருக்கும்? அவர் பெயரில் எத்தனை பேருக்குப் போனது? அதில் எத்தனை மாணவர்கள் பாஸ்வேர்டைக் கொடுத்தார்கள்? மூன்று நாள் உள்ளே இருந்தவர்கள் எந்தெந்த மெயிலைத் திறந்தார்கள்? இதெல்லாம் அவருடைய திரையில் தெரியாது, நிர்வாகியின் பதிவேட்டில்தான் தெரியும். அந்தப் பதிவுகளும் காலாகாலத்துக்கு இருப்பதில்லை, குறிப்பிட்ட நாள் ஆனதும் தானே அழிந்துவிடும். இன்னும் ஒரு மாதம் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தால் பார்க்க எதுவும் மிஞ்சாமல் போகலாம்.

நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் நடந்தது இதற்குப் பொருத்தம். 2019 அக்டோபர் நடுவில் மோசடி மெயில் ஒன்று திறக்கப்பட்டது. ஒன்றும் நடக்கவில்லை. அதாவது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. உள்ளே அவர்கள் நிதானமாக ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 23, விடுமுறை நேரம் பார்த்து, 267 சர்வர்களைப் பூட்டிவிட்டார்கள். பேக்கப் சில அதே நெட்வொர்க்கிலேயே இருந்ததால் அவையும் போயின. கடைசியில் 30 பிட்காயின், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2 லட்சம் யூரோ, கொடுத்துத்தான் மீட்டார்கள். அந்த இரண்டு மாத இடைவெளியைப் பாருங்கள். அவர்கள் நல்லதாகச் செய்தது ஒன்று, நடந்த அத்தனையையும் 2020 பிப்ரவரியில் கூட்டம் போட்டு வெளிப்படையாகச் சொன்னார்கள். யார் அழுத்தியது என்று விரல் நீட்டவில்லை. அதனால்தான் இன்று நான் இந்த எண்களை உங்களிடம் சொல்ல முடிகிறது.

மேடம், இன்னொன்று. மெயிலில் மதிப்பெண் பட்டியல் ஏதாவது கிடந்ததா?

சுண்ணக்கட்டி | புதன், இரவு 9.20

கிடந்தது. மூன்று செமஸ்டருக்கான எக்செல். மதிப்பெண் மட்டும்தான், மற்ற பத்திகளை மறைத்துவிட்டுத்தான் எப்போதும் அனுப்புவேன்.

கோப்பறை | புதன், இரவு 9.41

மறைத்தது என்றால் ஹைடு செய்ததா? அது மறைப்பது இல்லை மேடம், திரைச்சீலை. இரண்டு பத்திகளுக்கு நடுவே வலது பட்டனை அழுத்தி அன்ஹைடு என்றால் மொத்தமும் வந்து நிற்கும். பெயர், பிறந்த தேதி, பெற்றோர் எண், எது இருந்ததோ அது.

வட அயர்லாந்துக் காவல்துறையே இப்படித்தான் மாட்டியது. 2023 ஆகஸ்டில் ஒரு தகவல் அறியும் கேள்விக்குப் பதிலாக ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டை வெளியிட்டார்கள், அதற்குள் மறைந்திருந்த ஒரு தாளில் ஏறத்தாழ 9,500 காவலர்கள், ஊழியர்களின் பெயரும் பணியிடமும் இருந்தன. எந்த ஹேக்கரும் வரவில்லை. பிறகு 7.5 லட்சம் பவுண்டு அபராதம். அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் வெளியே போகும் பட்டியல் எதுவும் மூல ஃபைலாகப் போகாது. தேவையான பத்திகளை மட்டும் புதிய ஃபைலில் வெறும் மதிப்பாக (பேஸ்ட் வேல்யூஸ்) ஒட்டுவோம், அதைத்தான் அனுப்புவோம். ஒரு நிமிடக் கூடுதல் வேலை.

அந்த எக்செலில் என்னென்ன இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மாணவர்களுக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பதைக் கல்லூரி முடிவு செய்யட்டும், அது உங்கள் தலையில் விழ வேண்டிய பாரம் இல்லை.

நீலத்திரை | புதன், இரவு 10.05

சரி, வைரஸ் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாதாமாதம் பாஸ்வேர்டு மாற்றச் சொன்னதில் என்ன தவறு? எங்கள் கல்லூரியில் விதியே அதுதான்.

பேட்ச்பேனல் | வியாழன், காலை 7.40

விதி போட்டவர்களே பின்வாங்கிவிட்டார்கள். அடிக்கடி மாற்று, பெரிய எழுத்துப் போடு, குறியீடு போடு என்று உலகம் முழுக்கப் பரவிய அறிவுரை அமெரிக்காவில் தொழில்நுட்பத் தரநிலைகளை வகுக்கும் அரசு நிறுவனமான நிஸ்ட் 2004-இல் வெளியிட்ட ஆவணத்திலிருந்து வந்தது. அதை எழுதிய பில் பர் 2017-இல் ஒரு பேட்டியில், செய்ததில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துகிறேன் என்று சொன்னார். அதே ஆண்டு நிஸ்டும் புதிய வழிகாட்டியில், கசிந்ததற்கு ஆதாரம் இல்லாமல் சும்மா தேதி வைத்து மாற்றச் சொல்லாதே என்று எழுதிவிட்டது.

காரணம் கேட்டால் சிரிப்பு வரும். மாதாமாதம் மாற்றச் சொன்னால் ஆட்கள் மல்லிகை@1 என்று வைத்ததை மல்லிகை@2 என்று மாற்றுகிறார்கள். டிசம்பரில் என்ன வரும் என்று கண்டுபிடிக்க ஹேக்கர் வேண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளை போதும். அப்படியும் மறந்துபோகிறவர்கள் கீபோர்டைத் திருப்பி அடியில் எழுதி ஒட்டுகிறார்கள். ஒரு துறையில் புரொஜெக்டர் சரிசெய்யப் போனபோது கரும்பலகை ஓரத்திலேயே எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன், "அழிக்க வேண்டாம்" என்ற குறிப்போடு.

அதற்குப் பதில், ஒவ்வொரு தளத்துக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு. அதுதான் முக்கியம், மாற்றுவது இல்லை. எங்கோ ஒரு கடையின் தளத்தில் கசிந்ததை எடுத்து வந்து கல்லூரி மெயிலில் போட்டுப் பார்ப்பது எந்திரம் தானாகச் செய்கிற வேலை. அத்தனையையும் நினைவில் வைக்க முடியாது, பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்துத் தானாக நிரப்பும் பாஸ்வேர்டு மேனேஜர் செயலி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இன்னொரு லாபம். பொய்யான பக்கத்தில் அது தானாக நிரப்பாது, ஏனென்றால் முகவரி வேறு என்று அதற்குத் தெரியும். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் மாதிரியே இருக்கும், படியேறும்போது மனிதக் கண் அதைப் பிடிக்காது. எந்திரத்துக்கு அது வேறு எழுத்து, அவ்வளவுதான். எப்போதும் தானாக நிரம்பும் இடம் ஒருநாள் காலியாக நின்றால், கையால் தட்டாதீர்கள், நிறுத்திவிட்டு முகவரியைப் பாருங்கள்.

சுண்ணக்கட்டி | வியாழன், மாலை 5.30

போய்விட்டு வந்தேன். முதலில் கணக்குப் பிரிவு. என் பெயருக்கு எதிரே வேறு ஒரு வங்கியின் கணக்கு எண், திங்கட்கிழமை இரவு 11.14-க்கு மாற்றப்பட்டிருக்கிறது. திங்கட்கிழமை! நான் பாஸ்வேர்டை மாற்றிய மூன்றாவது நாள். அவர்களுடைய செயலி அப்போதும் என் கணக்கில்தானே இருந்தது. பட்டியல் நாளை மறுநாள்தான் வங்கிக்குப் போகிறதாம். அந்த அம்மா பழைய எண்ணைத் திரும்பப் போட்டுவிட்டு, என் முன்னாலேயே மற்ற எல்லாருடையதையும் இந்த மாதம் எது மாறியது என்று ஓட்டிப் பார்த்தார். இன்னொருவருடையதும் மாறியிருந்தது. பெயரை எனக்குச் சொல்லவில்லை, சொல்லாததே நிம்மதியாக இருந்தது.

ஐடி பிரிவில் நான் பயந்த மாதிரி யாரும் பேசவில்லை. இருந்த பையன் படங்களைப் பார்த்துவிட்டு, "மேடம், இதை அழிக்காமல் படம் எடுத்தீர்களே, பெரிய உதவி" என்றான். பெருமையை நான் வாங்கிக்கொண்டேன், பேட்ச்பேனல் மன்னிக்க வேண்டும். அதே மெயில் ஆசிரியர்கள் எல்லாருக்கும் வந்திருக்கிறது, என்னைப் போல் இன்னும் நான்கு பேர் அழுத்தியிருக்கிறார்கள், இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. மாணவர்களில் ஏழு பேர் பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஏழு பேரின் கணக்கையும் அங்கேயே பூட்டிவிட்டார்கள்.

மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது என்பதில்தான் தடுமாற்றம். என் மெயிலை நம்பாதீர்கள் என்று என் மெயிலிலிருந்தே எழுதி அனுப்ப உட்கார்ந்தேன், பாதியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வகுப்புக்கே போய்ப் பலகையில் எழுதினேன். சந்தேகப்பட்டுக் கேட்ட அந்தப் பையனிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவன் பாஸ்வேர்டைக் கொடுக்கவில்லையாம், "மேடம் எப்போதும் இரண்டு வரிக்கு மேல் எழுதுவீர்கள், அந்தப் பதில் ரொம்பச் சுருக்கமாக இருந்தது" என்கிறான்.

ஒரு கடைசிக் கேள்வி. ஐடி பையன் பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பாஸ்கீ என்று ஒன்று போட்டுக்கொள்ளச் சொல்லி மொபைலிலேயே செய்து கொடுத்தான். இனி விரல் ரேகைதான், எண் எதுவும் தட்ட வேண்டாம் என்றான். மொபைல் தொலைந்துவிட்டால்?

பேட்ச்பேனல் | வியாழன், இரவு 8.12

நல்லது செய்தான். பாஸ்கீ உண்மையான தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டது, நடுவே தரகர் வந்து உட்கார்ந்தால் அது பேசவே பேசாது, நீங்கள் ஏமாந்தாலும் அது ஏமாறாது. விரல் ரேகை எங்கும் போகவில்லை, உங்கள் மொபைலுக்குள் இருக்கும் சாவியைத் திறக்க மட்டும்தான்.

தொலைந்தால் என்ன என்பதை இப்போதே கேட்டது சரி. ஒன்று மட்டும் வைக்காதீர்கள். வீட்டு லேப்டாப்பில் இரண்டாவது பாஸ்கீ ஒன்று சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பென்டிரைவ் மாதிரி இருக்கும் செக்யூரிட்டி கீ ஒன்றைப் பதிந்து பீரோவில் வையுங்கள். உங்கள் சொந்த ஜிமெயிலுக்கும் செய்கிறீர்கள் என்றால் அது பேக்கப் கோடுகள் (மொபைல் இல்லாதபோது உள்ளே போக உதவும் எண்கள்) தரும், அச்செடுத்துச் சான்றிதழ்கள் வைத்திருக்கும் கோப்பில் சொருகிவிடுங்கள். மொபைலில் படமாக எடுத்து வைக்காதீர்கள், தொலைவதே அந்த மொபைல்தானே. போன் காணாமல் போன அன்று ஐடிக்குச் சொன்னால் அந்தப் பாஸ்கீயை மட்டும் நீக்கிவிடுவார்கள்.

அப்புறம் அடுத்த வாரம் ஒருமுறை ரூல்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கடைசி வரை இழுத்து.